நான் நடத்தாமல் விட்ட பாடம்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. காலை அவசரத்தில் படிக்க வேண்டாம். ராத்திரி சாப்பாடு முடிந்து ஓய்வாக உட்காரும்போது படியுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் என்னிடம் படித்தவர்கள் தாராளமாகத் திருத்தலாம். உங்கள் நோட்டில் நான் போட்ட சிவப்பு மைக்கு அது ஈடாகட்டும்.

படூரைச் சின்ன வயதில் பார்த்தவர்களுக்கு இப்போதைய படூர் அடையாளமே தெரியாது. பழைய மாமல்லபுரம் சாலையின் இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள், கம்பெனிகள், கல்லூரிகள். படிக்க வருகிற பிள்ளைகளில் வடநாட்டுப் பிள்ளைகளும் உண்டு, வெளிநாட்டுப் பிள்ளைகளும் உண்டு. சாயங்காலம் டீக்கடையில் ஆப்பிரிக்கப் பையன்கள் நின்று பஜ்ஜி சாப்பிடுவதை இப்போது யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. ஆனால் வீடு கேட்டு வந்தால் மட்டும் கதை வேறு.

எங்கள் வீட்டு மாடி போர்ஷன் இரண்டு மாதமாகக் காலி. போன மாதம் புரோக்கர் இரண்டு பையன்களை அழைத்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். எந்த நாடு என்று கேட்டேன். சூடான் என்றார்கள். மாடியைப் பார்த்தார்கள், பிடித்திருந்தது. வாடகையும் அவர்களுக்குச் சம்மதம். நான் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். அன்று ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதியதுதான் தாமதம், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டீர்கள். "ஆப்பிரிக்காக்காரனா?" என்றார் ஒருவர். "அதிலும் அந்த மதமா?" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், இஸ்லாம் நம் நாட்டுக்கு வாளோடு வந்த கதை என்று ஒரு ஃபார்வர்டைத் தூக்கிப் போட்டார். நான் யாருக்கும் பதில் எழுதவில்லை. மறுநாள் புரோக்கருக்குப் போன் போட்டு, "குடும்பத்துக்குத்தான் விடுகிறோம்" என்று ஒரு பொய் சொல்லிவிட்டேன். அவர்களில் மூத்தவன் வாசல்வரை வந்து, நெஞ்சில் கை வைத்து "பரவாயில்லை சார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனான்.

உங்கள் யார் மேலும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பொய் சொன்னது நான். எனக்கு உறைத்தது வேறொன்று. 36 வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தப் பையன் சூடான் என்றதும் என் மனசுக்கு வந்தவை சண்டை, பஞ்சம் இரண்டும்தான். அவன் நாட்டைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறு ஒரு வரிகூட இல்லை. தெரியாத நாட்டுக்காரனுக்குக் கதவைச் சாத்துவது சுலபம். அந்தத் தெரியாமையில் என் பங்கு எவ்வளவு, என்னைப் போன்ற வாத்தியார்களின் பங்கு எவ்வளவு என்று யோசித்தேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் தள்ளிப்போட்டேன். பல வருஷத்துக்கு முன் என் வகுப்பில் நல்ல கறுப்பாக ஒரு பையன் இருந்தான். பிள்ளைகள் அவனுக்கு "ஆப்பிரிக்கா" என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ஒருநாள் வருகைப் பதிவு எடுக்கும்போது யாரோ அந்தப் பெயரைக் கத்த, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவனும் சிரித்தான். அவன் சிரித்ததை வைத்து அவனுக்கு வலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தம்பி, நீ இந்தப் பதிவைப் படிப்பாய் என்று தெரியும். நான் அன்று சிரித்திருக்கக் கூடாது. மன்னித்துக்கொள். ஒரு கண்டத்தின் பெயரே வசவாக மாற முடிந்தது என்றால், அந்தக் கண்டத்தைப் பற்றி வகுப்பில் நான் எதையுமே உருப்படியாகச் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்?

ஆகவே இந்த ஒரு மாதமாக நான் மாணவனாகிவிட்டேன். நூலகத்திலும் இணையத்திலும் தேடித்தேடிப் படித்தேன். படித்ததில் கொஞ்சம் உங்களுக்குச் சொல்லிவிட்டு, என் கருத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பாடப்புத்தகம். பேத்தியின் ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலைப் புரட்டினேன். நான் நடத்திய காலத்துப் புத்தகத்தைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறது. அதில் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பண்டைய நாகரிகங்கள் பாடத்தில் எகிப்து வருகிறது. அது ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்பதே பிள்ளைகளுக்கு உறைப்பதில்லை. அதற்குப் பிறகு ஆப்பிரிக்கா என்ற பெயரோடு அந்தக் கண்டம் பெரிதாக வருவது காலனியாதிக்கப் பாடத்தில், ஐரோப்பியர்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும்போது. நடுவில் 2,000 வருஷத்துக்கு மேல் அந்த மக்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இஸ்லாமின் எழுச்சி இடைக்காலப் பாடத்தில் சில பத்திகளில் வந்து போகிறது. மக்கா, மதீனா, 622, கலீஃபாக்கள். என் காலத்திலும் அப்படித்தான். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு நடத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

இப்போது அந்தப் பையனின் சூடானுக்கு வருவோம். சூடானில் 200க்கும் மேற்பட்ட பிரமிடுகள் இருக்கின்றன. எண்ணிக்கையில் எகிப்தைவிட அதிகம். அவை உயரத்தில் சிறியவை, சரிவில் செங்குத்தானவை. கட்டியவர்கள் குஷ் என்ற நாட்டின் கறுப்பின அரசர்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் இவர்கள் வடக்கே படையெடுத்துப் போய் எகிப்தையே ஆண்டார்கள். அந்த நாட்டுச் சரித்திரத்தில் அது 25ஆம் அரச வம்சம். பிறகு மெரோவே நகரம் அவர்கள் தலைநகரமானது. இரும்பை உருக்கிய கசடு அங்கே இன்றும் மேடு மேடாகக் கிடக்கிறது. தங்களுக்கென்று ஒரு எழுத்தும் வைத்திருந்தார்கள். அந்த எழுத்துகளின் ஒலி நமக்குத் தெரியும், அதனால் வாசித்துவிடலாம். ஆனால் மொழி இன்னும் முழுதாகப் புரியவில்லை. சிந்துவெளி எழுத்தைப் பற்றி நான் வகுப்பில் மணிக்கணக்கில் பேசுவேனே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு ஒரு அண்ணன் தம்பி மாதிரி இது இருப்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

மெரோவேயை அரசிகளும் ஆண்டார்கள். கந்தாக்கே என்பது அவர்கள் பட்டம். ரோமப் பேரரசன் அகஸ்டஸின் காலத்தில் அமானிரேனாஸ் என்ற அரசி ரோமப் படையோடு மோதினாள். 1910இல் மெரோவேயில் தோண்டியபோது ஒரு கோயிலின் வாசற்படிக்கு அடியில் அகஸ்டஸின் வெண்கலத் தலை கிடைத்தது. படியேறிப் போகிற ஒவ்வொருவரும் ரோமச் சக்கரவர்த்தியின் தலையை மிதித்துப் போகட்டும் என்றுதான் புதைத்திருக்க வேண்டும். அந்தத் தலை இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலுநாச்சியார் கதை கேட்டு வளர்ந்த நம் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

சூடானுக்குப் பக்கத்தில் எத்தியோப்பியா, எரித்திரியா. அங்கே பழங்காலத்தில் அக்சும் பேரரசு. சொந்தமாகப் பொற்காசு அடித்த நாடு. செங்கடலில் அதுலிஸ் என்ற துறைமுகம் அவர்களுடையது. உலகின் நான்கு பெரிய அரசுகளுள் ஒன்றாக அக்சுமை ரோம், பாரசீகம், சீனத்தோடு சேர்த்து எண்ணியவர்கள் அந்தக் காலத்திலேயே உண்டு. அங்கே ஒரே கல்லில் செதுக்கிய மாபெரும் தூண்கள் இருக்கின்றன. பெரியது 33 மீட்டர் நீளம், எடை 500 டன்னுக்கு மேல். இப்போது விழுந்து உடைந்து கிடக்கிறது. அந்தத் தூண்களில் வெறும் கோடு போடவில்லை. கதவு, ஜன்னல், மாடி மேல் மாடி என்று ஒரு அடுக்குமாடிக் கட்டடம் போலவே கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள்.

படித்ததும் நான் எங்கே போனேன் தெரியுமா? நம் மாமல்லபுரம் ஐந்து ரதத்துக்கு. எத்தனை வருஷம் உங்களை வரிசையாக நிற்க வைத்துக் காட்டியிருப்பேன்! "கட்டடம் மாதிரி தெரிகிறது, ஆனால் கட்டியதல்ல, ஒரே பாறையைக் குடைந்தது" என்று சொல்லுவேன். தர்மராஜ ரதத்தில் மாடி மேல் மாடி. அதற்கு மூன்று நூற்றாண்டு முன்பே கடலுக்கு அந்தப் பக்கம் வேறு மக்கள் இதே யோசனையில் கல்லைச் செதுக்கினார்கள். யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படி ஒரு சான்றும் இல்லை. மனித மூளையும் உளியும் எங்கேயும் ஒன்றுதான் என்பது மட்டும் தெரிகிறது. அக்சும் தூண்களில் ஒன்றை முசோலினி ஆட்கள் 1937இல் ரோமுக்குத் தூக்கிப் போனார்கள். 2005இல் திரும்பி வந்து, 2008இல் பழைய இடத்தில் மறுபடியும் நின்றது. நம் சிலைகள் வெளிநாட்டிலிருந்து திரும்பி வரும்போது நாம் மேளம் கொட்டுகிறோமே, அவர்களும் அப்படித்தான் கொட்டியிருப்பார்கள்.

இனி இஸ்லாம். நான் தனித்தனியாக நடத்திய இரண்டு பாடங்களை ஒரே கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கி.பி. 615 வாக்கில் இங்கே காஞ்சியில் மகேந்திரவர்மன் ஆண்டுகொண்டிருக்கிறான். மக்காவில் நபிகளைப் பின்பற்றிய ஒரு சிறு கூட்டம் அடியும் வசவும் தாங்காமல் தப்பி ஓடுகிறது. எங்கே? செங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்கு. அதே அக்சும் நாட்டுக்கு. அங்கே அரசன் கிறிஸ்தவன். நஜாஷி என்று முஸ்லிம்கள் அவனைச் சொல்வார்கள். மக்காக்காரர்கள் பரிசுப்பொருளோடு ஆள் அனுப்பி, "எங்கள் ஊர் ஓடுகாலிகளைத் திருப்பிக் கொடு" என்று கேட்டார்கள். அரசன் அந்த அகதிகளை அழைத்து விசாரித்தான். ஜாஃபர் என்பவர் எழுந்து பேசி, இயேசுவின் தாயார் மரியம் பற்றிய குர்ஆன் பகுதியை ஓதினார் என்பது முஸ்லிம் மரபு. அரசன் அவர்களைத் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டான். மதீனாவுக்கு நபிகள் போவதற்கு ஏழு வருஷம் முன்பு நடந்தது இது. அந்தச் சின்னக் கூட்டத்துக்கு முதலில் வீடு கொடுத்தது ஒரு ஆப்பிரிக்க நாடு. கொடுத்தவன் வேறு மதத்தான்.

இந்த இடத்தைப் படித்தபோது என் மாடி போர்ஷன் ஞாபகம் வந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

தொழுகைக்கு முதன்முதலாகக் குரல் கொடுத்து அழைத்தவர் பிலால். தாய்வழியில் அபிசீனியர், அடிமையாக இருந்து மீட்கப்பட்டவர். கோவளத்திலிருந்து வந்து என்னிடம் படித்த பிள்ளைகளில் பிலால் என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயரை எத்தனை வருஷம் வருகைப் பதிவில் கூப்பிட்டிருப்பேன்! அது ஒரு ஆப்பிரிக்கரின் பெயர் என்று ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், ஒரு பெயர் பெருமையாகவும் இன்னொரு பெயர் கேலியாகவும் ஒரே வகுப்பில் இருந்திருக்காது.

632இல் நபிகள் காலமானார். இங்கே மகேந்திரனுக்குப் பின் நரசிம்மவர்மன், நம் மாமல்லன். 642இல் அவன் வாதாபியைப் பிடித்தான். அதே காலத்தில்தான் அரபுப் படைகள் எகிப்தைப் பிடித்தன. படையெடுப்பு நடக்கவே இல்லை என்று நான் பூசி மெழுகமாட்டேன். நடந்தது. மாமல்லன் மட்டும் பூச்செண்டோடா வாதாபிக்குப் போனான்? அன்று அரசர்களின் வழி அது. எகிப்துக்குத் தெற்கே போன அரபுப் படையை நூபியாவின் வில்லாளிகள் தடுத்து நிறுத்தினார்கள். நூபியா என்பது இன்றைய சூடான் பகுதி, அப்போது கிறிஸ்தவ நாடு. 652இல் டோங்கோலா நகர முற்றுகைக்குப் பிறகு இரண்டு தரப்பும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தன. அது ஏறத்தாழ 600 ஆண்டுகள் நீடித்தது. அந்த உடன்பாட்டின்படி நூபியா வருஷாவருஷம் அடிமைகளை அனுப்ப வேண்டியிருந்தது, பதிலுக்குத் தானியமும் துணியும் வந்தன. நல்லதும் கெட்டதும் கலந்ததுதான் சரித்திரம். பிறகு வியாபாரிகளும், கல்யாண உறவுகளும், சூஃபிகளும் வழியாகத்தான் அந்த நாட்டில் இஸ்லாம் மெல்ல மெல்லப் பரவியது.

மெல்லப் பரவியது என்றேன் அல்லவா? நம் கரையிலும் கதை அதுதான். இதைத்தான் அந்த ஃபார்வர்டு போட்ட சொந்தக்காரருக்குச் சொல்ல நினைத்தேன்.

அரபுக்கடல், செங்கடல் வழி நமக்கு இஸ்லாமைவிடப் பழையது. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தில் ஒரு பெரிய சாடியில் 7 கிலோவுக்கும் மேல் மிளகு கிடைத்தது, நம் பக்கத்து மிளகு. குசேர் அல்கதிம் என்ற இன்னொரு துறைமுகத்தில் பானை ஓட்டில் தமிழ் எழுத்து. "பானை ஓறி" என்று அதைப் படித்திருக்கிறார் ஐராவதம் மகாதேவன். உறியில் தொங்கும் பானை. நம் பாட்டி வீட்டு உறியில் தொங்கிய தயிர்ப்பானை உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2,000 வருஷத்துக்கு முன் ஒரு தமிழன் ஆப்பிரிக்க மண்ணில் நின்று தன் பானைக்குப் பெயர் எழுதிவைத்திருக்கிறான். அவனுக்கு அங்கே யாரோ இடம் கொடுத்திருக்கிறார்கள். "குடும்பத்துக்குத்தான் விடுகிறோம்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பானை ஓடு அங்கே கிடைத்திருக்காது.

அரேபியர்கள் இந்தக் கடலோடிகளில் ஒருவராக நம் கரைக்கு வந்துகொண்டிருந்தவர்கள்தான். அவர்கள் மதம் மாறியபோது அந்த மதமும் அதே கப்பலில் வந்தது. திருச்சி கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கல்லுப்பள்ளி என்று ஒரு சின்னப் பள்ளிவாசல் இருக்கிறது. அதன் கல்வெட்டு ஹிஜ்ரி 116 என்கிறது. அதாவது கி.பி. 734. மாலிக்காபூர் மதுரைக்குப் படையோடு வந்தது 1311. கழித்துப் பாருங்கள், 577 வருஷம். வாள் வந்தது உண்மைதான். ஆனால் அது வந்தபோது பள்ளிவாசலில் தமிழ் பேசிக்கொண்டு 20 தலைமுறைக்கு மேல் மக்கள் இங்கே இருந்திருக்கிறார்கள்.

வாளின் கதையையும் முழுதாகச் சொல்ல வேண்டும் என்றால், மொராக்கோக்காரர் இபின் பதூதாவைப் படியுங்கள். ஆப்பிரிக்கர், முஸ்லிம், பெரிய ஊர்சுற்றி. கிழக்கு ஆப்பிரிக்காவின் கில்வா, மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி, நடுவில் 1340களில் நம் மதுரை என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்த்து எழுதியிருக்கிறார். அப்போது மதுரை சுல்தானாக இருந்த கியாசுதீன் தம்கானி அவருக்குச் சகலை முறை. இருந்தும், அந்தச் சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை மறைக்காமல், கண்டித்து எழுதிவைத்தார். மதுரை சுல்தான்களின் கொடுமைக்குச் சாட்சி தேடுகிறவர்கள் கடைசியில் ஒரு முஸ்லிமின் புத்தகத்தைத்தான் புரட்டவேண்டியிருக்கிறது. ஃபார்வர்டில் இதெல்லாம் வராது.

அவர் பார்த்த மாலியில்தான் திம்புக்து. மாலியின் அரசன் மன்சா மூசா 1324இல் மக்காவுக்குப் போகிற வழியில் கெய்ரோவில் வாரி இறைத்த தங்கத்தால் அங்கே தங்கத்தின் விலையே சரிந்தது என்பார்கள். எனக்கு அந்தத் தங்கத்தைவிடத் திம்புக்துவின் ஏடுகள்தான் பெரிது. வானியல், மருத்துவம், சட்டம் என்று கையெழுத்துப் பிரதிகள் குடும்பம் குடும்பமாகப் பெட்டியில் காக்கப்பட்டவை. 2012இல் ஆயுதம் ஏந்திய மதவெறிக் கூட்டம் ஊரைப் பிடித்தபோது, அங்கிருந்த நூலகர்களும் பொதுமக்களும் அந்த ஏடுகளைப் பெட்டி பெட்டியாக ரகசியமாக வெளியேற்றினார்கள். எரித்தவர்களும் தங்களை முஸ்லிம் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள், உயிரைக் கொடுத்துக் காத்தவர்களும் முஸ்லிம்கள்தான். உ.வே.சா. ஊர் ஊராக அலைந்த கதையைச் சொல்லி வகுப்பில் கண் கலங்கியிருக்கிறேன். அவர் மாதிரி ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

நல்லதை மட்டும் சொல்லி ஒரு பக்கத்தை மூடிவைத்தால் அதுவும் பொய்தான். அரபு வியாபாரிகள் கிழக்கு ஆப்பிரிக்க மக்களைப் பல நூற்றாண்டுகள் அடிமைகளாக விற்றார்கள். 869இல் ஈராக்கின் பஸ்ரா பக்கத்தில் அந்த அடிமைகள் கிளர்ந்தெழுந்து 14 வருஷம் போராடினார்கள். இதையும் நடத்த வேண்டும். எல்லோரும் சமம் என்ற மார்க்கத்திலும் அடிமை வியாபாரம் நடந்தது, யாதும் ஊரே என்று பெருமை பேசும் நம் ஊரிலும் சேரி தனியாக இருந்தது. கொள்கையின் உயரத்தையும் மனிதர்களின் நடப்பையும் இரண்டையும் காட்டுவதுதான் சரித்திர வாத்தியார் வேலை. ஒன்றை மட்டும் காட்டினால் அது விளம்பரம், அல்லது வசவு.

படித்ததில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் தங்கள் வழிபாட்டைச் சொல்லும் சொற்களைப் பாருங்கள். தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல். எல்லாம் பச்சைத் தமிழ். வாளைக் காட்டி மாற்றியிருந்தால் சொல்லும் வெளியிலிருந்து வந்திருக்கும். பள்ளி என்பது ஒரு காலத்தில் சமணர், பௌத்தர் இருந்த இடம். அங்கே படிப்பு சொல்லிக்கொடுத்ததால் நம் பள்ளிக்கூடமும் பள்ளியானது. பிறகு முஸ்லிம்கள் தொழும் இடமும் பள்ளியானது. நான் 36 வருஷம் வேலை செய்த இடத்துக்கும் கோவளத்தில் அவர்கள் தொழும் இடத்துக்கும் ஒரே பெயர். உமறுப்புலவர் நபிகளின் கதையை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பாடல்களில் சீறாப்புராணமாகப் பாடினார். பாலைவன நாட்டைப் பாடும்போதும் அவர் மனசில் இருந்தது நம் வயலும் ஆறும்தான்.

கோவளம் என்றதும் சொல்ல வேண்டியது. படூரிலிருந்து கேளம்பாக்கம் போய் உப்பளங்களைத் தாண்டினால் கோவளம். அங்கே தமீம் அன்சாரி தர்கா. நபிகளோடு வாழ்ந்த தோழர் ஒருவரின் உடல் ஒரு பெட்டியில் கடலில் மிதந்து இந்தக் கரைக்கு வந்தது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. சரித்திர வாத்தியாராக அதற்கு நான் கல்வெட்டு கேட்கமாட்டேன். நம்பிக்கைக்குள்ளேயும் ஒரு செய்தி இருக்கிறது. எங்கள் மார்க்கம் படையோடு வரவில்லை, கடல் கொண்டுவந்து கொடுத்தது என்று அந்தக் கரை மக்கள் நினைக்கிறார்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அங்கே போய் நிற்கிற இந்துக்கள் நம் சொந்தத்திலேயே உண்டு. ஃபார்வர்டு போட்டவரின் தாயாரும் போனவர்தான். அவருக்கே தெரியும்.

சரி, என் கருத்து இதுதான். ஆப்பிரிக்காவின் பழைய நாகரிகங்களையும் இஸ்லாமின் எழுச்சியையும் நம் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும். பரீட்சைக்காக இல்லை, பக்கத்து வீட்டுக்காரனாக நடந்துகொள்வதற்காக. இவை இரண்டும் யாரோ வேறு ஆட்களின் சரித்திரம் என்று ஒதுக்க முடியாது. நம் பானை அங்கே இருக்கிறது, அவர்கள் பெயர் இங்கே வருகைப் பதிவில் இருக்கிறது.

பாடப்புத்தகம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, எகிப்தை நடத்தும்போது உலக வரைபடத்தில் முதலில் ஆப்பிரிக்காவைக் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். மாமல்லனை நடத்தும் அன்றே பலகையின் மறுபாதியில் 615ஐயும் 622ஐயும் எழுதுங்கள். மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போனால், வழியில் கோவளம் தர்காவிலும், அங்கேயே இருக்கும் கார்மேல் மாதா கோயிலிலும் பத்து நிமிஷம் வண்டியை நிறுத்துங்கள். பெற்றோர்களே, நிறத்தை வைத்துப் பட்டப்பெயர் சொல்லிப் பிள்ளை சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள். நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

மாடி போர்ஷன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புரோக்கருக்குப் போன் போட்டேன். அந்தப் பையன்கள் கேளம்பாக்கம் பக்கம் வேறு வீடு பார்த்துவிட்டார்களாம். எனக்காக அவர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? "குடும்பத்துக்கு மட்டும்" என்பதை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரம்மா போட்ட நிபந்தனை இரண்டுதான். மாதம் 5ஆம் தேதிக்குள் வாடகை வர வேண்டும், மோட்டார் போட்டால் அணைக்க மறக்கக் கூடாது. எந்த நாட்டுக்காரனுக்கும் பொருந்துகிற நிபந்தனை.

அதுவரை மாடி காலியாகத்தான் இருக்கும். வருகிற ஞாயிறு முதல் மாலை 4 மணிக்கு அங்கே இந்தப் பாடத்தை நடத்தலாம் என்றிருக்கிறேன். எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகள் வரலாம். கட்டணம் கிடையாது. பாய் இருக்கிறது, நோட்டு மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். மாடிக்கு ஆள் வந்துவிட்டால் வகுப்பைத் திண்ணைக்கு மாற்றிக்கொள்வோம். வருகிறவன் சூடானோ எத்தியோப்பியாவோ என்றால், முதல் வகுப்பை அவனையே எடுக்கச் சொல்லிவிட்டு நான் கீழே உட்கார்ந்து கேட்பேன்.

குடும்பக் குழுவில் மறுபடி சண்டை வேண்டாம். கருத்து வேறுபாடு இருந்தால் வீட்டுக்கு வாருங்கள், காபி தருகிறேன், பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்
படூர்